வீட்டுப் பட்டறை: பல் உடைந்த லாரி

மன்னார்குடிப் பக்கத்துப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தாயார் நம் பகுதிக்குக் கடிதம் எழுதியுள்ளார். அவருடைய கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறவர். சென்ற விடுமுறைக்கு ஊர் வந்தபோது, பத்து வயது மகனுக்கு ரிமோட்டால் ஓடும் லாரி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். அவர் திரும்பிப்போன மூன்றாம் வாரம், அறுவடை முடிந்த வயலில் சிறுவன் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது 'கடகட'வென ஓசை எழுந்ததாம். அன்று முதல் மோட்டார் சுற்றுகிறது, லாரி நகர்வதில்லை. கடைக்காரரோ, "இதற்கெல்லாம் சாமான் வராதம்மா, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஒவ்வோர் இரவும் தந்தை அலைபேசியில், "லாரி ஓடுகிறதா தம்பி?" என்று கேட்கிறார்; மகனும், "ஓடுகிறது அப்பா" என்கிறான். "முதலில் பொய்யைத் திருத்துவதா, பொம்மையைத் திருத்துவதா என்று தெரியவில்லை" என முடித்திருக்கிறார் அந்தத் தாயார்.

சகோதரியாரே, முதலாவதற்குப் பங்குக் குருவானவர் இருக்கிறார். இரண்டாவதற்கே இப்பகுதி. ஆயினும் இரண்டாவதைச் சரியாகச் செய்தால் முதலாவது பாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

லாரி எவ்வாறு ஓடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். ரிமோட்டிலிருந்து வானொலி அலையாக வரும் கட்டளையை லாரியினுள் இருக்கும் சிறு மின்பலகை வாங்கி, மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. மின்சாரத்தின் வேலை அத்துடன் முடிந்தது. அதன்பின் சக்கரம் வரையில் எல்லாம் எஃகும் பித்தளையும் நைலானுமே. கட்டைவிரல் பருமனே உள்ள அம்மோட்டார் நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. ஆனால் அதற்குப் பலம் கிடையாது. அச்சை விரலால் பிடித்தாலே நின்றுவிடும். ஆகவே அதன் அச்சில் 10 பற்கள் கொண்ட சிறிய பற்சக்கரம் ஒன்றைப் பொருத்தி, அது 40 பற்கள் கொண்ட பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுமாறு அமைக்கிறார்கள். வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். சுழற்றும் பலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். இதையே மறுமுறை செய்தால் பதினாறு மடங்கு. மோட்டாரின் அச்சிலுள்ள சிறியதை நம் மெக்கானிக்குகள் பினியன் என்பார்கள். நாமும் அப்பெயரையே வைத்துக்கொள்வோம்.

பற்சக்கரங்களுக்கு அடுத்தது டிஃபரன்ஷியல். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கத்துச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். ஒரே இருசில் இரண்டையும் இறுகக் கட்டிவிட்டால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓட இடங்கொடுக்கும் இந்தப் பற்சக்கரக் கூட்டினைப் பிரான்சு நாட்டு ஒனெசிஃபோர் பெக்கூர் என்பவர் 1827-ஆம் ஆண்டில் தம் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்றுவைத்தார். இன்று நம் வயலில் இறங்கும் டிராக்டரிலும் அதுவே இருக்கிறது. சேற்றில் ஒரு சக்கரம் புதைந்து வீணாய்ச் சுழல, மற்றது அசையாமல் நிற்பதைப் பார்த்திராத சிறுவன் நம் டெல்டாவில் உண்டா? அந்நேரம் ஓட்டுநர் குதிகாலால் ஒரு மிதியை அழுத்தி டிஃபரன்ஷியலைப் பூட்டி, இரண்டு சக்கரங்களையும் சேர்ந்து சுழல வைக்கிறார். பவர் டில்லரிலோ டிஃபரன்ஷியலே கிடையாது. கைப்பிடியின் கீழுள்ள பிடியை அழுத்தி, திரும்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்தை மட்டும் விசையிலிருந்து விடுவித்துத் திருப்புகிறார்கள். லாரியைத் திறக்கும் முன்பு மகனை ஒருநாள் டிராக்டர் பட்டறைக்கு அழைத்துச் சென்று காட்டினால், பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

இனி, உடைந்த கதைக்கு வருவோம். அறுவடை முடிந்த வயல் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நெல் தாள் நிற்கும். சக்கரத்தின் இடையே வைக்கோல் மாட்டியிருக்கும். சக்கரம் நின்றது. சிறுவனோ விரலை எடுக்கவில்லை. மோட்டார் தன் முழு வேகத்தோடு தள்ளுகிறது, சக்கரம் மறுக்கிறது. இரண்டிற்கும் இடையில் அகப்பட்ட உறுப்புகளில் எது மிக மெலிந்ததோ, அதுவே விட்டுக்கொடுக்கும்.

இங்கேதான் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். "மட்டமான பிளாஸ்டிக் போட்டு ஏமாற்றிவிட்டான், இரும்பில் பல் போட்டிருந்தால் உடைந்திருக்குமா?" என்பார்கள். ரோட்டவேட்டர் வைத்திருக்கும் விவசாயியைக் கேட்டுப்பாருங்கள். டிராக்டரின் பின்புறத்திலிருந்து விசையை எடுத்துச்செல்லும் தண்டில், பலவற்றிலும் வேண்டுமென்றே மென்மையான போல்ட் ஒன்று போட்டிருக்கும். மண்ணில் புதைந்த பனங்கட்டையோ செங்கல்லோ கத்தியில் மாட்டினால், முதலில் அந்தப் போல்ட்தான் முறியும். சில ரூபாயோடு போயிற்று. அடிக்கடி முறிகிறதே என்று சலித்துக் கடினமான போல்டை மாட்டுகிறவர்களும் உண்டு. போல்ட் முறியாது, அடுத்த கட்டை மாட்டும்போது உள்ளே கியர் பெட்டியே உடையும். பவர் டில்லரில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஓடும் பெல்ட்டும் இந்தத் தொண்டையே செய்கிறது: தாங்க முடியாத சுமை வந்தால் அது வழுக்கி மற்றவற்றைக் காப்பாற்றும்.

லாரியின் நைலான் பல்லும் அத்தகையதே. அது உடைந்ததால் மோட்டார் எரியவில்லை, மின்பலகை கருகவில்லை. ஆகவே உடைந்த உறுப்பைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, எதனிடமிருந்து மற்றவற்றை இது காப்பாற்றியது என்பதே. தாளில் மாட்டிய சக்கரமா? பற்களின் நடுவே புகுந்த மணலா? அந்தக் காரணத்தை அகற்றாமல் பல்லை மட்டும் மாற்றினால், மறு வாரம் மறுபடியும் கடிதம் எழுத நேரும்.

எந்த உறுப்பு என்பதைத் திறப்பதற்கு முன் காதாலேயே ஓரளவு அறிந்துகொள்ளலாம். லாரியைத் தலைகீழாகப் பிடித்து ரிமோட்டை மெதுவாக அழுத்துங்கள். ஓசையே இல்லையென்றால் பழுது பேட்டரியிலோ கம்பியிலோ இருக்கிறது; பற்சக்கரங்களைக் குறை சொல்ல வேண்டாம். மோட்டார் தடையின்றி 'விர்' என்று சுற்றி, சக்கரம் சிறிதும் அசையவில்லை என்றால், பினியன் வெடித்து மோட்டார் அச்சில் சும்மா வழுக்குகிறது, அல்லது பெரிய பற்சக்கரத்தின் பற்கள் ஒரே இடத்தில் வழித்தெடுக்கப்பட்டிருக்கின்றன. சக்கரம் சுற்றுகிறது, ஆனால் இடையிடையே 'டக்' என்கிறதென்றால் ஏதோ ஒரு பல் இல்லை: அந்த 'டக்' விரைவாக வந்தால் சிறிய சக்கரத்தில், நிதானமாக வந்தால் பெரிய சக்கரத்தில். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப்பாருங்கள். எதிர்ச்சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் டிஃபரன்ஷியல் நலமாயிருக்கிறது. ஒரே திசையில் சேர்ந்து சுற்றினால் அவ்வண்டியில் டிஃபரன்ஷியல் இல்லை, நேர் இருசுதான். மலிவான வகையில் பெரும்பாலும் அப்படியே. நீங்கள் சுற்றும் சக்கரம் மட்டும் எதிலும் தொடர்பின்றித் தனியே சுழன்றால், சக்கரத்தை இருசோடு பிணைக்கும் ஊசியோ குழியோ போய்விட்டது என்று பொருள்.

திருப்புளியை மகன் கையில் கொடுங்கள். பத்து வயதுச் சிறுவனால் முடியும். தொழில் பழகும் சிறுவர் என்றவுடன் புனித தொன் போஸ்கோவின் நினைவு வராமல் போகாது. 1853-ஆம் ஆண்டில் தூரின் நகரில் தம் ஆதரவிலிருந்த ஏழைச் சிறுவர்களுக்காக அவர் முதன்முதல் திறந்தவை செருப்புத் தைக்கும் பட்டறையும் தையல் பட்டறையுமே. அவருடைய சபையார் இந்தியாவில் முதன்முதலாகப் பணி தொடங்கிய இடம் நம் தஞ்சை மாநகர் என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். 1906-ஆம் ஆண்டு சனவரியில், மயிலை ஆயரின் அழைப்பை ஏற்று, ஜார்ஜ் தொமாட்டிஸ் அடிகளாரின் தலைமையில் அவர்கள் இங்கு வந்து, அநாதைச் சிறுவர் இல்லத்தைப் பொறுப்பேற்றார்கள். சிறுவனின் கையில் கருவியைக் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதியதன்று.

பேட்டரியைக் கழற்றிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். இதில் சலுகை கிடையாது. பல்லிடையே விரல் இருக்கையில் யாரேனும் ரிமோட்டைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு அடுக்கைத் திறக்கும்போதும் அலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டையில் லாரியின் அடிப்பாகத்தை வரைந்து, எந்த இடத்துத் திருகாணியோ அந்த இடத்திலேயே அதைக் குத்திவைக்கச் சொல்லுங்கள். திருகாணிகள் எல்லாம் ஒரே நீளமல்ல. நீளமானதைக் குட்டையின் இடத்தில் ஏற்றினால் உள்ளே உள்ள பற்சக்கரத்தில் இடித்து நிற்கும்.

உள்ளே பெரும்பாலும் இரண்டு காட்சிகள் இருக்கும். ஒன்று, இருசில் சுற்றிய வைக்கோல், நூல், தலைமுடி. ஊசியால் நெம்பிச் சிறு கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். இழுத்தால் இன்னும் இறுகும். மற்றொன்று, கறுத்துப்போன கிரீஸ். நம் ஊர் வண்டலும் ஆற்று மணலும் கிரீஸோடு கலந்தால் அது எண்ணெயாக இருப்பதை விட்டுவிட்டு, கத்தி தீட்டும் சாந்தாகிவிடுகிறது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பல்லை அராவிக்கொண்டிருக்கும். அதை முழுவதும் துடைத்து, உறுப்புகளைச் சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் கழுவி, நிழலில் நன்கு உலர்த்துங்கள். மோட்டாரையும் மின்பலகையையும் மட்டும் நனைக்கலாகாது. பெட்ரோல் வேண்டாம், வீட்டில் அடுப்பும் இருக்கிறது, குழந்தையும் இருக்கிறது.

வெடித்த பல்லை ஃபெவிக்விக்கால் ஒட்டலாமே என்று எல்லோரும் முதலில் நினைப்பார்கள். ஒட்டாது. இவ்வகைப் பற்சக்கரங்கள் பெரும்பாலும் நைலானாலோ அசிட்டால் என்னும் வழவழப்பான பிளாஸ்டிக்காலோ ஆனவை. பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடுவதற்காகவே தேர்ந்தெடுத்த பொருள். பசையும் அதன்மேல் வழுக்கிவிடும். அரை மணி நேரம் நின்றதுபோல் தோன்றிப் பின் விழுந்துவிடும், அதற்குள் பசை பக்கத்து அச்சிலும் இறங்கி அதையும் கெடுத்திருக்கும். மாற்றுவதே வழி.

மாற்று வேண்டுமானால் அளவு வேண்டும், அளவு தெரிந்தால் சாமான் வரும். கடைக்காரர் சொன்னதில் நான் உடன்படாத இடம் இதுவே. பற்களை எண்ணுங்கள். பல்லின் நுனியிலிருந்து எதிர் நுனிவரை மொத்த விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். லேத் பட்டறையில் கேட்டால் வெர்னியர் கொண்டு அளந்து தருவார்கள். பற்களின் எண்ணிக்கையோடு 2-ஐக் கூட்டி, அந்தத் தொகையால் விட்டத்தை வகுத்தால் 'மாடியூல்' என்ற எண் கிடைக்கும். 10 பற்கள், விட்டம் 6 மி.மீ. என்றால், 6-ஐ 12-ஆல் வகுக்க 0.5. பொம்மைகளில் இந்த 0.5 மிகவும் வழக்கமானது. பல்லின் எண்ணிக்கை, மாடியூல், அச்சுத் துளையின் அளவு ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டால், சென்னை ரிச்சி தெரு வரை ஆளனுப்பியோ அஞ்சலிலோ வாங்கிவிடலாம். சிறிய மோட்டார்களின் அச்சு பெரும்பாலும் 2 மி.மீ. இருக்கும். பினியன் மட்டும் பித்தளையில் கிடைத்தால் அதை வாங்குங்கள். அதுதான் அச்சின்மேல் வெடிக்கும் உறுப்பு. அதனோடு கடிக்கும் பெரிய சக்கரம் நைலானாகவே இருக்கட்டும். ரோட்டவேட்டரின் போல்டை மறக்க வேண்டாம்.

வேளாங்கண்ணித் திருவிழாக் கடைகளில் கிடைக்கும் வகைக்கு இப்படி அளந்து தேட வேண்டும். பொழுதுபோக்காளர்களுக்கென்று செய்யப்படும் விலையுயர்ந்த வகையில் அந்தத் தொல்லை இல்லை. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தாமியா நிறுவனம் 1976-இல் தன் முதல் ரேடியோ காரை வெளியிட்டது. அவ்வகை வண்டிகள் பிரித்துப் பூட்டவே பிறந்தவை. ஒவ்வோர் உறுப்பிற்கும் எண் உண்டு, தனியே விலைக்குக் கிடைக்கும். நம் தஞ்சையின் தலையாட்டி பொம்மைக்கோ இவ்விரு கவலையும் இல்லை. அடி கனம், மேல் இலேசு. உடைய அதற்குப் பல்லே கிடையாது.

புதிய பினியனை அச்சில் ஏற்றுவதற்குச் சுத்தியலை எடுக்கக் கூடாது. அடித்தால் அச்சு பின்னே தள்ளப்பட்டு மோட்டாரின் பின்புறம் கெடும். அச்சின் பின்முனைக்கு முட்டுக்கொடுத்து, வைஸில் வைத்து மெல்ல இறுக்கினால் தானே ஏறும். பெரிய வகையில் பினியனைச் சிறு திருகாணி ஒன்று அச்சின் தட்டையான பக்கத்தில் பிடித்திருக்கும். அது தளர்ந்து நின்றாலும் இதே பழுதுதான் தோன்றும். இறுக்கினால் போதும், செலவே இல்லை.

மோட்டாரை நகர்த்திப் பொருத்தும் அமைப்பு இருந்தால், இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பது அடுத்த கேள்வி. நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு கீற்று வெட்டி, இரண்டு பற்களின் நடுவே செலுத்தி, தாளோடு சேர்த்து அழுத்திப்பிடித்து மோட்டாரின் திருகாணிகளை இறுக்குங்கள். பின் சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடுத்தால், அத்தாளின் பருமனே சரியான இடைவெளி. இறுக்கம் மிகுந்தால் மோட்டார் சூடேறும். தளர்ச்சி மிகுந்தால் பல்லின் நுனி மட்டுமே கடித்துப் புதிய பல்லும் வழித்துக்கொண்டு போகும்.

இருசுத் தண்டின் முனையில் குறுக்கே செருகியுள்ள ஊசி முறிந்திருந்தால், சைக்கிள் கடையில் ஒரு பழைய போக்ஸ் கம்பி கேளுங்கள். அதன் பருமன் ஏறத்தாழ 2 மி.மீ.; பல லாரிகளின் ஊசித் துளைக்குச் சரியாகப் பொருந்தும். அளவாக வெட்டி, முனைகளை அரத்தால் மழுக்கிச் செருகினால் முடிந்தது. பற்சக்கரப் பெட்டியின் அச்சுத் துளையே நீண்டு தேய்ந்திருந்தால் மட்டும் வீட்டில் ஆகாது. பெட்டியை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பித்தளைப் புஷ் ஒன்று கடைந்து போடச் சொல்ல வேண்டும். அதற்குக் கேட்கும் கூலி லாரியின் விலையில் பாதிக்கு மேல் போனால், விட்டுவிடுவதே நல்லது. மோட்டாரையும் நல்ல பற்சக்கரங்களையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள், அடுத்த வண்டிக்கு ஆகும்.

மூடிய பெட்டியிலுள்ள பற்களுக்குப் புதிய கிரீஸ் மெல்லியதாகப் பூசலாம். திறந்திருக்கும் பற்களுக்கு ஒன்றும் பூச வேண்டாம். மணல் ஒட்டுவதற்கு நாமே இடம் செய்துகொடுத்ததாகும். தேங்காயெண்ணெய் கூடவே கூடாது. தையல் இயந்திர எண்ணெயில் ஒரு சொட்டு, அச்சு சுழலும் இடத்தில் மட்டும் விடலாம்.

தந்தைக்கு எப்போது சொல்வது என்று கேட்பீர்கள். லாரி ஓடிய பிறகு சொல்வோம் என்று பையன் எண்ணுவான். திறந்தவுடனே, உடைந்த பற்சக்கரத்தை அவன் உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்து அவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். "அப்பா, தாளில் மாட்டியபோது விரலை எடுக்கவில்லை, 40 பல்லில் 3 போய்விட்டது, மாடியூல் 0.5" என்று அவனே எழுதட்டும். கடல் கடந்து உழைக்கும் மனிதருக்கு, தாம் வாங்கிக் கொடுத்த பொருளைத் தம் மகன் பிரித்து அறிந்துகொண்டிருக்கிறான் என்ற செய்தி, ஓடுகிறது என்ற வெறும் சொல்லைவிட இனிதாகவே இருக்கும். அவர் இருக்கும் ஊரில் அந்தப் பற்சக்கரம் எளிதாகக் கிடைக்கவும் கூடும்.

எல்லாம் பூட்டியபின் உடனே வயலுக்கு ஓட வேண்டாம். முதலில் சக்கரங்கள் தரையில் படாமல் இரண்டு செங்கற்களின்மேல் லாரியை நிறுத்தி, இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டுக் காதுகொடுத்துக் கேளுங்கள். பிறகு வீட்டுத் திண்ணையில் அல்லது சிமெந்துக் களத்தில் ஓட்டலாம். சக்கரம் எதிலாவது மாட்டி நின்றால், முதல் வேலை விரலை எடுப்பது. பத்து நிமிடம் ஓடியபின் பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. மூன்று விநாடிகூட விரல் வைக்க முடியாதபடி சுட்டால், பற்கள் இறுகக் கடித்துக்கொண்டிருக்கின்றன, அல்லது எங்கோ இன்னும் ஓர் இழை வைக்கோல் இருக்கிறது. மறுபடியும் திறக்க வேண்டும்.